இடுப்பு நீள முடியும் ஓயாத ஓட்டமும்: சிக்கு விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

பள்ளியில் இரட்டைச் சடை பின்னி, மடித்துத் தூக்கி, ரிப்பன் கட்டிக்கொண்டு போன காலத்தில் எனக்குச் சிக்கு விழுந்ததாக நினைவே இல்லை. காலையில் ஓட்டம், மாலையில் த்ரோபால், நடுவில் மைதானத்துப் புழுதி. இத்தனைக்கும் இரவில் அம்மா சடையைப் பிரித்து வாரினால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். கல்லூரியில் சேர்ந்த வாரமே ரிப்பனைத் தூக்கிப் போட்டேன். ஒரு கிளிப்பை மட்டும் குத்தி, முடியை விரித்துவிட்டு, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதில் ஒரு சுகம். பிடரியில் முதல் முடிச்சு விழுந்ததும் அந்த வாரம்தான்.

அந்த ரிப்பன் சடையில் இருந்த சூட்சுமம் எனக்குப் புரிய இன்னும் பத்து வருடம் ஆனது. சிக்கை நன்றாக எடுக்கக் கற்றுக்கொள்வது பாதி வேலைகூட இல்லை. நுனி எங்கேயும் உரசாமல் மடக்கி வைப்பதுதான் பெரிய வேலை. ஸ்கூட்டர், ஓட்டம், நீச்சல், வீட்டு வேலை என்று நாள் முழுக்க அலைகிறவர்களுக்கும், அதற்காக முடியை வெட்ட மனசு வராதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முடி வளர்க்கும் ஆண்களுக்கும் இதில் ஒரு வரிகூட மாறாது.

சிக்கு எங்கிருந்து வருகிறது

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். அப்படியென்றால் 75 செ.மீ. நீள முடியின் நுனிக்கு வயது ஐந்துக்கு மேல். ஐந்து வருடத்து வெயில், உப்புத் தண்ணீர், நாற்காலி முதுகில் உரசல் எல்லாவற்றையும் பார்த்த நுனி அது. முடியின் மேல்தோல் மீன் செதில் போல அடுக்கடுக்காக, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். புது முடியில் செதில்கள் படிந்து கிடக்கும். பழைய நுனியில் அவை தேய்ந்தும் தூக்கிக்கொண்டும் இருக்கும். தூக்கிய செதில் பக்கத்து முடியைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை தானாக உதிரும். குட்டை முடியில் அது தரையில் விழுந்துவிடும். நீள முடியில் விழாது. மற்ற முடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டு, அசையும் போதெல்லாம் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போடும். மூன்று நாள் வாராமல் விட்டால் இருநூறு, முந்நூறு முடிகள் இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது முழுதாக வாருங்கள் என்கிறேன். ஐந்து தடவை வேண்டாம், அதுவும் உரசல்தான்.

முதல் படி: கையில் என்னென்ன வேண்டும்

பல் அகலமாக இருக்கும் ஒரு சீப்பு. மரமோ கொம்போ பிளாஸ்டிக்கோ, பல்லின் ஓரத்தில் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சீப்பில் அச்சின் நடுக்கோடு ஒவ்வொரு பல்லிலும் மெல்லிய பிசிறாக நிற்கும். நகத்தால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட சீப்பை வாங்காதீர்கள். அப்புறம் துணி சுற்றிய பட்டைகள் நாலைந்து, சின்ன கிளிப் மூன்று, எண்ணெய்க் கிண்ணம் ஒன்று. வெறும் ரப்பர் பேண்டைப் பால் பாக்கெட் கட்ட வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு வேண்டாம்.

என் பாட்டியிடம் ஒரு பித்தளைக் குச்சி இருந்தது. விரல் நீளம், ஒரு முனை மழுங்கிய கூர், மறுமுனையில் ஒரு கிளி. அதற்குச் சிக்குவாரி என்று பெயர். முடிச்சுக்குள் விட்டு நெம்பிப் பிரிக்க அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. ஸ்வெட்டர் பின்னும் ஊசி, அல்லது வால் வைத்த சீப்பின் வால், அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாம் படி: சிக்கெடுக்கும் முறை

மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். சிரிக்காதீர்கள், பிரித்த முடியைக் காற்று கலைத்துக்கொண்டே இருந்தால் ஒரு பக்கம் எடுக்க மறுபக்கம் விழும்.

சடையைக் கீழிருந்து விரலால் பிரியுங்கள். நடு வகிடு எடுத்து இரண்டு, ஒவ்வொன்றையும் காதுக்கு நேராகப் பிரித்து மொத்தம் நாலு பங்கு. மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து நாலு விரற்கடை மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்து, அதற்குக் கீழே மட்டும் வாருங்கள். பிடித்த கைதான் இழுப்பைத் தாங்க வேண்டும், தலை தாங்கக் கூடாது. சீப்பு தங்குதடையில்லாமல் போனதும் பிடியை இன்னும் நாலு விரற்கடை மேலே ஏற்றுங்கள். இப்படியே வேர் வரை. மேலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் வழியில் உள்ள சின்னச் சிக்கெல்லாம் கீழே சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். பிறகு அதைப் பிய்க்கத்தான் முடியும்.

கட்டியாக ஒரு முடிச்சு வந்தால் சீப்பைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு முடிச்சைச் சுற்றி நசுக்கித் தடவுங்கள். பிறகு அதை உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு கரு இருக்கும், சுற்றிலும் வளைவு வளைவாக முடிகள் தொங்கும். கருவைத் தொடவே கூடாது. வெளியே தொங்கும் வளைவில் குச்சி முனையை நுழைத்து, ஒன்றிரண்டு முடியாக, பக்கவாட்டில் உருவுங்கள். கீழ்நோக்கி இழுத்தால் முடிச்சு இறுகும். பத்துப் பன்னிரண்டு முடி வெளியே வந்ததும் கரு தானாகத் தளர்ந்து கொட்டிவிடும். பெரும்பாலும் அதற்குள் உதிர்ந்த முடி நாலைந்துதான் இருக்கும், அவைதான் மற்றவற்றைக் கட்டிப்போட்டவை.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். நன்றாக வாரும்போது ‘சர்’ரென்று ஒரு சத்தம் வரும். ‘டப், டப்’ என்று கேட்டால் அங்கே முடி அறுகிறது. நிறுத்திவிட்டு இன்னும் கீழே இறங்குங்கள். சீப்பில் வந்த முடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது, கவலை இல்லை. குமிழ் இல்லாத துண்டு துண்டு முடியாக வந்தால் நீங்கள் அறுத்தது.

என் முடிக்கு இந்த வேலை பன்னிரண்டு நிமிடம் ஆகும். இரவில் செய்கிறேன். காலையில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் செய்த நாளெல்லாம் டப் டப்தான்.

ஈரத்தில் வாரலாமா? முடி ஈரமானால் நன்றாக இழுபடும், அதே அளவு சுலபமாக அறும். நேர்முடி, லேசான அலைமுடிக்காரர்கள் முக்கால்வாசி காயும் வரை சீப்பை எடுக்க வேண்டாம். சுருட்டை முடிக்கு மட்டும் விதி தலைகீழ்: காய்ந்த சுருட்டையை வாரினால் புதர்தான் மிஞ்சும். கண்டிஷனர் பூசிய ஈரத்தில், விரலாலோ அகலப் பல் சீப்பாலோதான் எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: தலைக்குக் குளிக்கும் நாள்

சுருட்டை முடிக்காரர்கள் தவிர மற்றவர்கள் சிக்கெடுத்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்த ஒன்றை மட்டும் யாராவது நினைவில் வைத்தால் எனக்குப் போதும். சிக்கோடு நனைந்த முடி கழுவும்போது கல்லாகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனி இடம் உண்டு. அதிலுள்ள லாரிக் அமிலம் முடியின் உள்ளே புகக்கூடியது. தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு தேக்கரண்டி, அதில் பெரும்பங்கு நுனிக்கு. தலையில் வழிய வழிய ஊற்றினால் அதைப் போக்க இரண்டு தடவை ஷாம்பு போட வேண்டிவரும், செய்த நன்மையும் சேர்ந்து போகும்.

விளக்கெண்ணெயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2017இல் முடி மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நிகழ்வு வந்தது. நீள முடிக்கார இளம்பெண் ஒருவர் தேங்காய் எண்ணெயோடு விளக்கெண்ணெயும் தேய்த்துக் குளித்ததில், முடி முழுவதும் ஒரே நாளில் பறவைக் கூடு போலக் கெட்டியாகி, எந்த வழியிலும் பிரிக்க முடியாமல் வெட்ட வேண்டியதாகிவிட்டது. பிசுபிசுப்பான எண்ணெய், நீளம், தேய்த்த தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் அபூர்வமாக இப்படி நடக்கலாம். நான் விளக்கெண்ணெயைப் புருவத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஷாம்புவைக் கையில் ஊற்றித் தலையில் அப்பாமல், ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அதை மண்டையில் மட்டும் ஊற்றி விரல் நுனியால் தேயுங்கள்; வழிந்து இறங்கும் நுரையே நீளத்துக்குப் போதும். சினிமா விளம்பரம் போல முடியை உச்சியில் குவித்துக் கசக்குவது வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒரு அழகு நிலையத்தில் அப்படிக் குவித்துக் கசக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் எடுத்தேன்.

சீயக்காய் போடுகிறவர்கள் பொடியாகப் போடாதீர்கள். திப்பி முடிக்குள் சிக்கிச் சொரசொரக்கும். முதல் நாள் ஊறவைத்து, கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடித்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கொங்குப் பக்கத்தில் அரப்பு, அதாவது உசிலை மரத்து இலைப் பொடி, இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதையும் கரைத்து வடிகட்டுவது நல்லது. கண்டிஷனர் வாங்க விரும்பாதவர்களுக்குச் செம்பருத்தி இலை இருக்கிறது. பத்திருபது இலையைத் தண்ணீரில் கசக்கினால் வரும் வழுவழுப்பை வடித்து, காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் தடவி, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். வெந்தயம் ஊறிய தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். அவசரக் காலையில் கடைக் கண்டிஷனரே மேல், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உப்புத் தண்ணீர்க்காரர்கள் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகள் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி அலசினால் வித்தியாசம் கையில் தெரியும்.

நான்காம் படி: உலர்த்துவது

டர்க்கி டவலின் சுருள் நூல்கள் முடியைப் பிடித்து இழுக்கும். பழைய ஈரிழைத் துண்டோ, நைந்த வேட்டியோ எவ்வளவோ மேல். முறுக்கிப் பிழியாமல், துண்டில் வைத்து அமுக்குங்கள். துண்டால் முடியை அடித்துத் தட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சத்தம் கேட்கச் சுகமாக இருக்கும், நுனிக்கு அது சவுக்கடி.

தானாகக் காய்வதுதான் நல்லது என்றே நானும் நம்பியிருந்தேன். 2011இல் கொரியாவில் வந்த ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. டிரையரின் சூடு மேல்தோலைக் கெடுக்கிறது, உண்மைதான். ஆனால் நெடுநேரம் ஈரத்திலேயே இருந்த முடியில் உள்ளடுக்கு சேதமானது. டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காயவைத்த முடிக்கு, தானாகக் காய்ந்த முடியைவிடச் சேதம் குறைவு. ஆகவே நடுவழி: வேர்ப்பக்கத்துக்கு மிதமான சூட்டில் ஐந்து நிமிடம், மற்றது காற்றில். சாம்பிராணி போடும் வீடாக இருந்தால் போடுங்கள், வாசனைக்காகவே போடலாம்.

அலுவலகம் போகிறவர்கள் தலைக்குக் குளிப்பதை முந்தின நாள் மாலைக்கு மாற்றிவிடுங்கள். ஈரத்தலையைப் பின்னி, மேலே ஹெல்மெட்டும் போட்டால் அரிப்பும் நாற்றமும்தான் மிச்சம்.

ஐந்தாம் படி: வெளியே போகும்போது கட்டுவது

ஸ்கூட்டரில்: உச்சிக்கொண்டையோ பெரிய கிளிப்போ வைத்துக்கொண்டு ஹெல்மெட் போடாதீர்கள். ஹெல்மெட் தலையில் உட்காராமல் கொண்டையின் மேல் உட்காரும்; விழுந்தால் அது காப்பாற்றாது. ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே, கழுத்தருகில் தொடங்கும் தளர்வான ஒற்றைப் பின்னல்தான் சரி. மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டி அதன்மேல் போட்டால் வியர்வையும் உரசலும் குறையும். கழற்றும்போது பின்னால் சாய்த்து உருவாமல், நேர் மேலே தூக்குங்கள். பிடரிச் சிக்கில் பாதி அங்கேதான் உண்டாகிறது. பின்னலை முதுகில் பறக்கவிடாமல் சட்டைக்குள்ளோ ஜாக்கெட்டுக்குள்ளோ போட்டுவிடுங்கள். துப்பட்டா சக்கரத்தில் சிக்கும் கதை நமக்குத் தெரியும். சடைக்கும் அதே சக்கரம்தான்.

ஓடும்போது: ஒற்றைச் சடை இடமும் வலமுமாக முதுகில் அடித்துக்கொண்டே வரும். ஐந்து கிலோமீட்டரில் எத்தனை ஆயிரம் உரசல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கேதான் பள்ளிக்கூடம் திரும்பி வருகிறது. இரண்டு பின்னல், நுனியை மடக்கி அடியோடு சேர்த்து ஒரு துணிப்பட்டை. கண்ணாடியில் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பு மாதிரி இருக்கும், பரவாயில்லை. நுனி உள்ளே மடங்கிவிட்டதால் வெளியே உரசுவது சடையின் நடுப்பகுதி மட்டும். கடற்கரை ஓட்டம் என்றால் மேலே ஒரு துணியும் கட்டுங்கள், உப்புக்காற்றில் முடி கயிறு மாதிரி ஆகிவிடும். ஓடி முடித்தவுடன் தினமும் ஷாம்பு போட வேண்டாம். வேர்ப்பக்கத்தை வெறும் தண்ணீரில் அலசினாலே வியர்வை போய்விடும்.

நீச்சலில்: குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் முடியை முழுதாக நனையுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். தளர்வாகப் பின்னி, பிடரியில் தட்டையாகச் சுற்றி, நீள முடிக்கென்று வரும் பெரிய சிலிக்கோன் தொப்பிக்குள் வையுங்கள். தொப்பி தண்ணீரை முழுக்கத் தடுக்காது, உரசலைத் தடுக்கும். வெளியே வந்ததும் உடனே அலசிவிட்டு, கண்டிஷனர் போடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அன்றைய இரவு வேலை இரண்டு மடங்கு.

தூங்கும்போது: தளர்ந்த பின்னல், நுனிக்கு மேல் மூன்று விரற்கடையில் துணிப்பட்டை. தலையணைக்குப் பழைய மென்பட்டுப் புடவையில் ஜரிகை இல்லாத பகுதியை வெட்டி உறை தைத்துக்கொள்ளலாம். என் அத்தையின் கிழிந்த புடவை ஒன்று இப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: தளர்வாகக் கட்டுங்கள். நெற்றி இழுபடும் அளவு இறுக்கிக் கட்டினால் வருடக்கணக்கில் முன்நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் முடி மெலியும், வேர் செத்தால் திரும்ப வராது. வகிட்டையும் மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தள்ளி எடுங்கள்.

மொத்தமும் கட்டியாகிவிட்டால்

ஒரு முறை காய்ச்சலில் பத்து நாள் படுத்துக் கிடந்தேன். எழுந்தபோது பிடரியில் உள்ளங்கை அளவுக்குத் தேங்காய் நார் மாதிரி ஒரு தட்டை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வெட்டிவிடு என்றார்கள். அம்மா மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். மூன்று மாலை ஆனது.

தண்ணீர் படக்கூடாது, ஷாம்பு கூடவே கூடாது. காய்ந்த முடியில் தேங்காய் எண்ணெயோ கெட்டிக் கண்டிஷனரோ தாராளமாக ஊற்றி அரை மணி ஊறவிட வேண்டும். தட்டையின் கீழ் ஓரத்திலிருந்து, விரலாலும் குச்சியாலும் மட்டும், ஒரு ரூபாய் நாணய அளவாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். பிரிந்ததைத் தனியாகப் பின்னி ஒதுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் போய்ச் சேர்ந்துகொள்ளும். கை வலித்தால் நிறுத்திவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். எங்காவது அசையவே மாட்டேன் என்றால் குறுக்கே வெட்டாமல், முடி போகும் திசையிலேயே கத்தரியின் முனையால் கீறினாற்போல ஒரு வெட்டு. தட்டை இரண்டாகும், போகும் முடி கொஞ்சம்தான், நீளம் தப்பும்.

அந்தக் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. கடுங்காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பிறகு அப்படிக் கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் தானாக நின்று திரும்ப வளரும். வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் கொட்டினாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள்.

நுனி வெட்டுவது

பிளந்த நுனி எந்தத் தைலத்திலும் ஒட்டாது. பிளவு மேலேறி, பக்கத்து முடியைக் கொக்கி போலப் பிடிக்கும். மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம் எடுத்தால் போதும். வெட்டினால் வேகமாக வளரும் என்பது கதை. வளர்ச்சி வேரில் நடக்கிறது, நுனியில் என்ன நடந்தாலும் வேருக்குத் தெரியாது. கத்தரியை மட்டும் முடிக்கென்று தனியாக வையுங்கள். காகிதமும் துணியும் வெட்டி மழுங்கிய கத்தரி முடியை நசுக்கும், அங்கேயே அடுத்த பிளவு தொடங்கும்.

கடைசியாகச் சீப்பு

வாரத்துக்கு ஒரு நாள் சீப்பை வெந்நீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் பல்லிடுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள். மரச்சீப்பை ஊறவைக்காமல் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். சீப்பில் வந்த முடியைக் குளியலறையில் விடாதீர்கள், வடிகால் அடைத்துக்கொள்ளும். நான் அதைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறேன். எங்கள் தெருவுக்குச் சவுரி முடி வாங்க ஒருவர் சைக்கிளில் வருவார். போன தடவை அந்தப் பைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். இந்த முறை பை பாதிகூட நிறையவில்லை என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம், அவருக்குத்தான் வருத்தம்.